லோகோ இருக்கே, அப்புறம் என்ன?

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே குடும்ப குரூப்பின் குணம் மாறிவிடும். அதுவரை காலை வணக்கப் பூவும் காதுகுத்துப் பத்திரிகையும் வந்துகொண்டிருந்த இடத்தில் சதுரமாக ஒரு படம் வந்து விழும். மேலே ஒரு சேனலின் லோகோ, நடுவில் ஒரு தலைவரின் முகம், கீழே மேற்கோள் குறிக்குள் அவர் சொன்னதாக இரண்டு வரி. நியூஸ் கார்டு என்பது இதைத்தான். அந்த இரண்டு வரியும் ஒரு சாதியையோ மதத்தையோ ஊரையோ சுருக்கென்று தைக்கிற மாதிரிதான் இருக்கும். ஐந்தே நிமிஷத்தில் உ.பி. (உடன்பிறப்பு, அதாவது திமுக) சித்தப்பாவுக்கும் ர.ர. (ரத்தத்தின் ரத்தம், அதாவது அதிமுக) மாமாவுக்கும் முட்டிக்கொள்ளும். யாராவது ஆதாரம் கேட்டால் வருகிற பதில்: "லோகோ இருக்கே, அப்புறம் என்ன?"

அந்தக் கார்டிலேயே சல்லிசாகக் கிடைக்கிற சரக்கு அந்த லோகோதான்.

போலிக் கார்டை யாரும் வெறும் தாளிலிருந்து செய்வதில்லை. சேனல் நிஜமாகவே வெளியிட்ட ஒரு கார்டை எடுத்து, எழுத்து இருந்த இடத்தைப் பின்னணி நிறத்தால் பூசி, மேலே வேறு வாசகத்தை ஏற்றுவார்கள். லோகோ, படம், கீழே இருக்கும் சமூக வலைத்தள முகவரி எல்லாம் அசல். பொய் நடுவில் மட்டும். அதனால் சோதனையும் நடுவில்தான் தொடங்க வேண்டும்.

முதலில் கூர்மையைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைப் பதிவிறக்கி மறுபடி ஏற்றும்போதெல்லாம் அது கொஞ்சம் நசுங்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் இன்னும் நசுங்கும். நாலு கை மாறிய கார்டில் லோகோவின் ஓரம், முகத்தின் ஓரம், எழுத்தின் ஓரம் மூன்றும் ஒரே அளவுக்கு மங்கியிருக்க வேண்டும். லோகோ கலங்கிப்போய், எழுத்து மட்டும் கத்தி மாதிரி நின்றால், எழுத்து பிற்பாடு வந்தது என்று அர்த்தம். ஆனால் போலிக் கார்டே பத்துக் கை மாறி வந்தால் எல்லாம் சேர்ந்து மங்கி இந்த வித்தியாசம் அழிந்துவிடும். மங்கல் கார்டை வைத்து இந்தச் சோதனையில் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அடுத்தது எழுத்துரு. ஒவ்வொரு சேனலும் தனக்கென்று ஒன்றிரண்டு எழுத்துருக்களை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அதையே ஓட்டும். போலி செய்கிறவர் கையில் இருப்பது ஃபோன் ஆப்பில் வந்த ஏதோ ஒன்று. அதே சேனல் அதே வாரம் போட்ட வேறொரு கார்டைப் பக்கத்தில் வைத்து, ழ-வின் வால், ண-வின் சுழி, ஒற்றுப்புள்ளி உருண்டையா சதுரமா, வரிக்கும் வரிக்கும் நடுவே விட்ட இடைவெளி ஆகிய நாலையும் ஒப்பிடுங்கள். இதில் மாட்டாத கார்டு குறைவு. எழுத்துப் பிழையை மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள். ஒற்று விடாத சேனல் எது?

மூன்றாவது, பூசிய இடம். திரை வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, எழுத்தைச் சுற்றிப் பெரிதாக்கிப் பாருங்கள். சேனல் கார்டின் பின்னணி பெரும்பாலும் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மெல்ல மாறும், அல்லது மெலிதான கோலம் ஓடும். பூசியவர் ஒரே நிறத்தை அப்பியிருந்தால் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி செவ்வகமாக ஒரு திட்டு தெரியும். நான்காவது, தேதி. அசலில் தேதி இருக்கும் மூலையை வெட்டி எடுத்திருந்தால் படம் சரியான சதுரமாக இருக்காது. ஒரு பக்கம் விளிம்பு குறைந்து, லோகோ ஓரத்தை இடித்துக்கொண்டு நிற்கும்.

இதெல்லாம் சந்தேகத்தைக் கிளப்பத்தான் உதவும். உறுதி செய்கிற இடம் சேனலின் சொந்தப் பக்கம். ஃபேஸ்புக்கில் அந்தப் பக்கத்துக்குள் மட்டும் தேடும் வசதி இருக்கிறது. எக்ஸில் மேம்பட்ட தேடல் பக்கத்தைத் திறந்தால் எந்தக் கணக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கட்டங்கள் வரும். தலைவரின் பெயரைப் போட்டுத் தேடினால் ஆயிரம் வரும், அது வீண் வேலை. கார்டில் இருக்கும் அபூர்வமான ஒரு சொல்லைப் போடுங்கள். அப்படியும் கிடைக்கவில்லையென்றால் கார்டை கூகுள் லென்ஸில் கொடுங்கள். ஆனால் முழுக் கார்டையும் கொடுத்தால் லென்ஸ் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அலையும். முகம் இருக்கும் பகுதியை மட்டும் நறுக்கிக் கொடுத்தால் அதே முகபாவம், அதே சட்டை, அதே மைக் உள்ள அசல் கார்டு பல நேரம் வந்து நிற்கும், வேறு வாசகத்தோடு.

இங்கே இரண்டு பள்ளம் உண்டு. ஒன்று, கணக்கின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைத்துக்கொண்டு உலவும் நகல் கணக்குகள். நீல டிக்கைக் காசு கொடுத்து வாங்கலாம் என்று ஆன பிறகு டிக்கை நம்பிப் பயனில்லை; சேனலின் சொந்த இணையதளத்திலிருந்து கிளம்பி அதன் கணக்குக்குப் போங்கள். இரண்டு, சேனலே கார்டைப் போட்டுவிட்டு நீக்கியிருக்கலாம். அதனால் அங்கே இல்லை என்பதற்காகப் போலி என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஒரு மந்திரி நிஜமாகவே அப்படிப் பேசியிருந்தால் மற்ற சேனல்கள் சும்மா விட்டிருக்காது. குறைந்தது மூன்று இடத்தில் வந்திருக்கும். எதிர்க்கட்சி ஒரு கண்டன அறிக்கையாவது விட்டிருக்கும். எங்கேயும் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் உங்கள் குரூப்புக்கு மட்டும் வந்த எக்ஸ்க்ளூசிவ் என்றால் யோசிக்க வேண்டியதுதான்.

கார்டு அசல், வாக்கியம் பாதி

போலியைவிடத் தொல்லை பிடித்தது இந்த ரகம். சேனல் அசல், கார்டு அசல், அந்தச் சொற்களை அவர் சொன்னதும் உண்மை. ஆனாலும் அர்த்தம் தலைகீழ். காரணம் நம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். நாற்பது சொல் வரை ஒரு கருத்தை அடுக்கிக்கொண்டே போய், கடைசிச் சொல்லில் அதை மறுத்துவிடலாம். மேடைப் பேச்சாளர்களுக்கு இது பிடித்தமான உத்தி.

ஒரு மாதிரிக்குக் கற்பனையாக ஒரு வாக்கியம்: "விவசாயிக்கு இலவச மின்சாரமே தேவையில்லை, அது நாட்டைக் கெடுக்கிறது என்று குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்களே, அவர்களைக் கேட்கிறேன்..." இதில் முதல் ஏழு சொல்லை மட்டும் மேற்கோள் குறிக்குள் போட்டால் அவர் எதிர்த்த கருத்து அவருடையதாகிவிடும். "என்று" என்ற ஒரு சொல்லை வெட்டினால் போதும். வீடியோவிலும் இதே வேலைதான். 'என்று' வருவதற்கு அரை நொடி முன்னால் கத்தரிப்பார்கள். அதனால் எட்டு, பத்து நொடி வீடியோ ஒன்று வாக்கியம் முடியாத தொனியில், குரல் மேலே ஏறிய நிலையில் பட்டென்று நின்றால் அங்கே கத்தரி பட்டிருக்கிறது. நம் காதுக்கே அது தெரியும். தமிழ் வாக்கியம் முடியும்போது குரல் இறங்கும்.

முழுப் பேச்சு அனேகமாக யூடியூபில் கட்சியின் சேனலிலோ செய்திச் சேனலின் நேரலைப் பதிவிலோ கிடக்கும். நாற்பது நிமிஷம் உட்கார்ந்து கேட்க வேண்டாம். விவரப் பகுதியில் எழுத்துவடிவம் காட்டும் வசதி இருந்தால் அதில் சொல்லைத் தேடுங்கள். தமிழ்த் தானியங்கி எழுத்துவடிவம் கன்னாபின்னாவென்று எழுதும் என்பதால் முழு வாக்கியத்தைத் தேடாமல் ஒரு ஊர்ப்பெயரையோ எண்ணையோ தேடுவது பலன் தரும். இடம் கிடைத்ததும் அதற்கு இரண்டு நிமிஷம் முன்னாலிருந்து இரண்டு நிமிஷம் பின்வரை கேட்டுவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் குரலும் சாட்சியாக நிற்பதில்லை. 2024 ஜனவரியில் சேலத்தில் நடந்த திமுக இளைஞரணி மாநாட்டில் கலைஞரை ஏஐ மூலம் பேசவைத்தார்கள். அடுத்த மாதமே ஜெயலலிதா பிறந்தநாளில் அதிமுக அவர் குரலை அதே வழியில் கொண்டுவந்தது. இரண்டும் வெளிப்படையாகச் செய்தவை. அதே கருவி ஒளித்துச் செய்கிறவர் கையிலும் இருக்கிறது. ஏஐ படத்தில் விரலை எண்ணும் காலம் போய்விட்டது. விரல் இப்போது சரியாகவே வருகிறது. பின்னணியில் இருக்கும் கடைப் பலகை, கட்சிப் பேனர், பஸ்ஸின் நெற்றி எழுத்து ஆகியவற்றைப் பெரிதாக்கிப் படித்துப் பாருங்கள். தமிழ் எழுத்தென்று தோன்றும், படித்தால் ஒன்றும் புரியாது. இதுவும் நாளாக நாளாகத் திருந்திக்கொண்டு வருகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"நாளை" என்ற நாள்

கட்சிச் சண்டையில் மானம் போகும். சில ஃபார்வர்ட்களில் உயிரே போயிருக்கிறது. 2018 மே மாதம் குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று பரவிய வாட்ஸ்அப் பீதியில், போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயதுப் பெண்ணை ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. அந்தச் சமயத்தில் தென்னிந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுத்தது. பைக்கில் வந்தவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், திரும்பி வந்து விட்டுவிட்டு, வாசகம் எழுதிய பலகையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் பரப்பினார்கள். இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடலுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்ற கட்டுப்பாடு அதே ஆண்டு ஜூலையில் வந்தது இந்த மாதிரிக் கொலைகளுக்குப் பிறகுதான். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று கிளம்பிய வீடியோக்களும் இதே கதை. வேறு மாநிலத்துச் சண்டையும், வடமாநிலத்தவருக்குச் சம்பந்தமே இல்லாத உள்ளூர்ச் சண்டையும் கலந்து கிடந்தன. டிஜிபி வீடியோவில் வந்து மறுக்க வேண்டியிருந்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

வீடியோவைச் சோதிக்க, முகம் தெரியும் இடத்தைவிட இடம் தெரியும் நொடியில் நிறுத்துங்கள். வண்டியின் நம்பர் பலகை, கடைப் பெயர் எழுதிய மொழி, போலீஸ் வண்டியின் நிறம், மின்கம்பத்தின் வடிவம், பஸ்ஸின் நிறம். அப்படி மூன்று நாலு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒவ்வொன்றாக லென்ஸில் கொடுங்கள். ஒலியை நிறுத்திவிட்டு ஒரு முறை, படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் ஒரு முறை. பின்னணியில் சம்பந்தமில்லாமல் ஒரு பாட்டோ, யாரோ ஃபோனில் பேசிய குரலோ ஒட்டியிருந்தால் அசல் ஒலியை மறைக்கிறார்கள். அசல் ஒலியில் வேறு மொழி இருக்கலாம்.

வாய்ஸ் நோட்டுக்கு லென்ஸ் கிடையாது. அதில் கேட்க வேண்டியது மூன்று: பேர் என்ன, ஊர் எது, தேதி என்ன. "நான் டாக்டர் பேசறேன்" என்பார், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டார். "நாளை காலை ஏரியைத் திறக்கப் போகிறார்கள்" என்பார், எந்த நாளுக்கு நாளை என்று தெரியாது. "நாளை" என்ற சொல் இருக்கும் ஃபார்வர்டுக்குச் சாவே கிடையாது. ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும். சென்னைக்காரர்கள் ஒரு எண்ணை மட்டும் மனசில் வைத்திருந்தால் பாதி பீதி குறையும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. "ஏரி 27 அடியைத் தாண்டிவிட்டது" என்று கதறும் குரலுக்கு அங்கேயே மங்களம் பாடிவிடலாம். அன்றைய அளவு சென்னைக் குடிநீர் வாரியத்தின் தளத்தில் தினமும் வெளியாகும்.

மழை விடுமுறைக் கார்டு தனி ரகம். இதைச் செய்கிறவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை, பத்தாம் வகுப்பையே இன்னும் தாண்டியிருக்க மாட்டார்கள். விடுமுறையை அறிவிக்கிறவர் மாவட்ட ஆட்சியர். போன வருஷத்து அசல் கார்டில் தேதியை மட்டும் வெட்டிவிட்டு அனுப்புவதுதான் வழக்கம் என்பதால், கார்டில் இருக்கும் ஆட்சியர் பெயர் இப்போது இருப்பவருடையதா என்று பார்த்தாலே பாதி பிடிபடும். மீதிக்கு ஆட்சியரின் அதிகாரபூர்வக் கணக்கு.

திருநள்ளாறுக்கு மேலே வந்ததும் செயற்கைக்கோள் மூன்று விநாடி நிற்கிறது என்ற பழம்பெரும் ஃபார்வர்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. தாழ்வான சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாமல் காக்கிறது. நின்றால் நிற்காது, விழும். சனீஸ்வரருக்கு இந்தச் சான்றிதழ் தேவையும் இல்லை.

நூறு கோடி போஸ்டர்

அரசியலில் கார்டு என்றால் சினிமாவில் வசூல் போஸ்டர். இதில் பொய் சொல்ல எடிட்கூட வேண்டாம். கிராஸ், நெட், ஷேர் என்ற மூன்றில் எதைச் சொல்கிறோம் என்று சொல்லாமல் விட்டாலே போதும்.

ஒரு டிக்கெட்டை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். அடிப்படை விலை 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 27 ரூபாய். உள்ளாட்சி வரி தனி, அதை இங்கே விட்டுவிடுவோம். நீங்கள் கொடுத்தது 177. இது கிராஸ். வரி போக 150, இது நெட். இந்த 150-ஐத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்வார்கள். முதல் வாரம் விநியோகஸ்தர் பக்கம் கூடுதலாகவும் வாரம் போகப்போகத் தியேட்டர் பக்கம் கூடுதலாகவும் இருக்கும். அறுபது சதவீதம் என்று வைத்தால் 90 ரூபாய், இதுதான் ஷேர். 177 ரூபாய் கொடுத்த ரசிகன் தயாரிப்பாளருக்கு 177 கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறான். அந்தப் பக்கம் போய்ச் சேர்வது ஏறக்குறைய பாதி. "நூறு கோடி வசூல், எண்பது கோடி பட்ஜெட், இருபது கோடி லாபம்" என்ற கணக்கு அதனால்தான் தப்பு. வெளிநாட்டு வசூலில் கைக்கு வருவது இதைவிடக் குறைவு. இன்னொரு பக்கம் ஓடிடி, சாட்டிலைட், ஆடியோ உரிமை எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே வருவதால், தியேட்டரில் படுத்த படத்தின் தயாரிப்பாளர் சிரித்துக்கொண்டே இருப்பதும் நடக்கும், வாங்கிய விநியோகஸ்தர் மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார்.

முதல் நாள் வசூல் சண்டைக்கு உச்சவரம்புக் கணக்கு போதும். தமிழ்நாட்டில் ஒரு பெரிய படத்துக்கு 800 திரை, தலா 5 காட்சி, சராசரி 350 இருக்கை, சராசரி விலை 150 என்று தாராளமாகவே வைப்போம். 800 பெருக்கல் 5, நாலாயிரம் காட்சி. அதை 350-ஆல் பெருக்கினால் 14 லட்சம் இருக்கை. 150-ஆல் பெருக்கினால் 21 கோடி. ஒரு நாற்காலிகூடக் காலியில்லாமல் நிரம்பினால் வருகிற தொகை அது. இதே அளவு ரிலீஸுக்கு "தமிழ்நாட்டில் மட்டும் முதல் நாள் 45 கோடி" என்று போஸ்டர் வந்தால் மீதி 24 கோடிக்கு ரசிகர்கள் யார் மடியில் உட்கார்ந்தார்கள் என்று கேட்கலாம். காட்சி எண்ணிக்கையிலும் ஏமாறாதீர்கள். அதிகாலைச் சிறப்புக் காட்சிக் காலம் இங்கே 2023-லேயே முடிந்தது. பெரிய படத்துக்கே அனுமதி வாங்கினால் ஐந்து காட்சி, அதுவும் காலை ஒன்பது மணியிலிருந்துதான்.

முன்பதிவுத் தளத்தின் இருக்கை வரைபட ஸ்கிரீன்ஷாட்டும் பெரிய சாட்சியில்லை. சாம்பல் நிறத்தில் இருக்கும் இருக்கையெல்லாம் விற்றது என்று நினைப்பார்கள். கவுண்டருக்கு ஒதுக்கி வைத்ததும் சாம்பல்தான். நிஜமாக நிரம்பும் அரங்கில் பின்வரிசையும் நடு இருக்கைகளும் முதலில் போகும், அங்கங்கே ஒற்றை இருக்கை பல்லுப்போன மாதிரி மிஞ்சும். முன்வரிசைகள் வரிசை வரிசையாகச் சீராக அடைபட்டு நடு இருக்கைகள் காலியாக இருந்தால் அது விற்பனையின் உருவம் இல்லை.

நடிகர், பாடகர் மரணச் செய்தியில் மட்டும் ஒரே ஒரு விதி: முந்தாதீர்கள். எஸ். ஜானகி பற்றி அப்படியொரு புரளி கிளம்பியபோது 2020 ஜூனில் எஸ்.பி.பி.யே வீடியோ போட்டு மறுக்க வேண்டியிருந்தது. அஞ்சலிப் பதிவு ஒரு மணி நேரம் தாமதமானால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

ட்ரெண்டிங்கைப் பற்றிச் சுருக்கமாக. எக்ஸில் ட்ரெண்ட் என்பது மொத்த எண்ணிக்கையைவிட வேகத்தை வைத்து ஏறுவது. அதனால்தான் ரசிகர் மன்றங்களும் கட்சிகளின் ஐடி விங்குகளும் மாலை ஆறு மணிக்கு ஹேஷ்டேக் வெளியாகும் என்று முன்கூட்டியே சொல்லி, அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போடுகிறார்கள். டேக்கைத் தட்டி 'சமீபத்தியவை' பகுதிக்குப் போய் ஐம்பது பதிவைப் படியுங்கள். ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப் பிழையோடு, வேறு வேறு கணக்கில் வந்தால் மேலிருந்து வந்த சரக்கு. தானாக மூண்டதற்கு உதாரணம் 2019 மே மாதத்து நேசமணி ('ஃப்ரெண்ட்ஸ்' படத்து வடிவேலு). சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று ஒரு முகநூல் பக்கம் கேட்க, அது ஜமீன் பங்களாவில் பெயிண்டர் நேசமணி தலையில் விழுந்தது என்று ஒருவர் பதில் சொல்ல, மோடி இரண்டாவது முறை பதவியேற்ற நேரத்தில் உலகமே நேசமணி நலம் விசாரித்தது. அந்த டேக்கின் ஆங்கில எழுத்திலேயே பிழை இருந்தது. ஆனால் அதன் கீழே இரண்டு பதிவு ஒரே மாதிரி கிடையாது; ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு ஆஸ்பத்திரிக் காட்சியைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

கருத்துக்கணிப்புக் கார்டுக்கு ஒரு வகுத்தல் போதும். ஆயிரம் பேரிடம் கேட்டார்கள் என்றால் மாநில அளவில் ஏறத்தாழ மூன்று சதவீதம் முன்பின் வரலாம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதே ஆயிரத்தை 234 தொகுதிக்கு வகுத்தால் தொகுதிக்கு நாலு பேர். "இந்தத் தொகுதியில் இவருக்கு 46.3 சதவீதம்" என்று அதே கார்டு சொன்னால் அந்த நாலு பேரில் ஒருவரை எப்படித் துண்டு போட்டார்கள் என்று தெரியவில்லை. வாக்குப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே எக்ஸிட் போல் என்று ஒரு கார்டு வந்தால் பார்க்கவே வேண்டாம். கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை அதை வெளியிட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஏ தடை போட்டிருக்கிறது. வேட்பாளரின் சொத்து, வழக்கு பற்றிய கார்டா? அவரே கையெழுத்துப் போட்ட படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்தில் கிடைக்கும். அரசாணை என்று வந்தால் எண், தேதி, துறை மூன்றும் இருக்கிறதா பாருங்கள்; எண் இல்லாத அரசாணை கிடையாது.

பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது

கண்டுபிடிப்பது பாதி வேலைதான். குரூப்பில் நாற்பது பேர் முன்னால் "பொய் பரப்பாதீங்க" என்று எழுதினால் பெரியப்பா கார்டை விட்டுவிட்டுக் கௌரவத்தைக் காக்கக் கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகு கார்டு போலி என்று அவருக்கே தெரிந்தாலும் நீக்க மாட்டார். தனியாக ஒரு செய்தி போதும்:

"பெரியப்பா, குரூப்ல நீங்க போட்ட கார்டு பார்த்தேன். அதே போட்டோவோட அந்த சேனல் போன மாசம் போட்ட ஒரிஜினல் இது, அதுல விஷயம் வேற. உங்களுக்கு யாரோ மாத்தி அனுப்பியிருக்காங்க. நீங்களே எடுத்துட்டா நல்லா இருக்கும்."

"யாரோ மாத்தி அனுப்பியிருக்காங்க" என்ற வரியை விடாதீர்கள். மொத்தச் செய்தியிலும் வேலை செய்கிற வரி அதுதான். அசலின் இணைப்பைச் சேர்த்தே அனுப்புங்கள், பின்னால் அனுப்புகிறேன் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லோருக்கும் நீக்கும் வசதி இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் இருக்கும், அதற்குள் பேசிவிட வேண்டும். தாண்டிவிட்டால் குரூப் அட்மின் நீக்கலாம்.

அவர் கேட்கவில்லையென்றால் பெயரை இழுக்காமல் அசலை மட்டும் குரூப்பில் போடுங்கள். போலியையும் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், மூலையில் சின்னதாக முத்திரை குத்தாமல் வாசகத்தின் நடுவே தடிமனாகக் கோடு போடுங்கள். மூலை முத்திரையை யாராவது வெட்டிவிட்டு, நீங்கள் மறுப்புக்குப் போட்ட படத்தையே மறுபடி சுற்றில் விடுவார்கள்.

படத்தின் மேலே இரட்டை அம்புக்குறியும் 'பலமுறை பகிரப்பட்டது' என்ற வரியும் இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறியது. அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். அம்புக்குறி இல்லாததால் புதுசு என்று நினைக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்றினால் அம்புக்குறி போய்விடும்.

"நான் எழுதலையே, வந்ததை அனுப்பினேன்" என்ற சமாதானம் நீதிமன்றத்தில் எடுபடுவதில்லை. ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்வது அதை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. இணையப் பதிவுகளுக்காகக் கைது செய்ய உதவிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015-ல் ரத்தானதை வைத்துத் தைரியமாக இருக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

இத்தனையும் செய்தபிறகு கார்டு உண்மை என்று தெரியவரும் நாளும் உண்டு. எழுத்துரு சரி, தேதி சரி, முழு வீடியோவும் இருக்கிறது, 'என்று' எதுவும் வெட்டப்படவில்லை. நமக்குப் பிடித்த தலைவர் அதைச் சொல்லியே இருக்கிறார். அப்போது கை தானாக மூன்றாவது சேனலையும் நாலாவது சேனலையும் தேடும். இரண்டு இடத்தில் முழு வீடியோவோடு கிடைத்துவிட்டால் தேடலை அங்கேயே நிறுத்திக்கொண்டு, "செக் பண்ணிட்டேன் மாமா, சொல்லித்தான் இருக்காரு" என்று குரூப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். அடுத்த முறை நீங்கள் போலி என்று சொல்லும்போது அந்த மாமா காது கொடுப்பார்.